ஆடேஷியஸ் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

தண்டையார்பேட்டைல கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றேன், சாயங்காலம் ஆனா சவுண்டு சர்வீஸ்காரங்களுக்கு கூட நிப்பேன். போன வாரம் ஒரு மஞ்சத் தண்ணி விசேஷத்துல லேப்டாப்புல ஆடேஷியஸ் வெச்சு பாட்டு போட்டுனு இருந்தேன், அத்த பாத்துட்டு இது இன்னா பிளேயர், எங்க கிடைக்கும்னு ஆளாளுக்கு கேட்டாங்க. மொத்தமா இங்கயே பதில் போட்டுடறேன்.

கொருக்குப்பேட்டை தம்பி: அண்ணா, ஆடாசிட்டியும் ஆடேஷியஸும் ஒன்னா?

இல்லப்பா, பேரு மட்டும்தான் கிட்ட கிட்ட. ஆடாசிட்டி ரெக்கார்டு பண்ண, வெட்டி ஒட்ட. ஆடேஷியஸ் பாட்டு கேக்க மட்டும். ரெண்டுமே ஓப்பன் சோர்ஸ், அதாவது உள்ள எழுதி இருக்கறத யாரு வேணா பாக்கலாம், மாத்தலாம், ரெண்டுமே ஃப்ரீ. என் மெஷின்ல ரெண்டும் இருக்கு, ஏன்னு கடைசி கேள்வில வரும்.

ராயபுரம் ஐயா ஒருத்தர்: சும்மா குடுக்கறான்னா அப்பால காசு கேப்பானா? இல்ல நம்ம தகவல எடுப்பானா?

ரெண்டும் இல்லீங்க ஐயா. இதுக்குப் பின்னாடி விக்கிற கம்பெனின்னு ஒன்னு கிடையாது. 1997ல லினக்ஸ்காரங்க (விண்டோஸ் மாதிரி லினக்ஸ்னு ஒன்னு இருக்கு) எக்ஸ்எம்எம்எஸ்னு ஒரு பிளேயர் பண்ணாங்க, அது பழசாப் போனதும் அதோட கோடை, அதாவது சாஃப்ட்வேர எழுதின புரோகிராமை எடுத்து வேற சிலர் பீப் மீடியா பிளேயர்னு பண்ணாங்க, அதுவும் நின்னுபோற நேரத்துல 2005ல இன்னும் சில பேரு அந்த கோடை எடுத்து ஆடேஷியஸ்னு ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு வரைக்கும் ஓடுது. ஒருத்தர் விட்டாலும் இன்னொருத்தர் எடுத்து நடத்தலாம், அதுக்குத்தான் ஓப்பன் சோர்ஸ்ங்கறது. விண்ணாம்ப்னு விண்டோஸ்ல ஒரு பழைய பாட்டு பிளேயர், அதோட கதைய பாருங்க, 2024 செப்டம்பர்ல கோடை வெளிய வெச்சாங்க, ஆனா மாத்தினத யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு லைசென்ஸ்ல எழுதி வெச்சாங்க, அடுத்த மாசமே தூக்கிட்டாங்க. ஆடேஷியஸ்ல அந்தக் கட்டுப்பாடு இல்ல. லாகின் கிடையாது, விளம்பரம் கிடையாது, நெட்டு இல்லாமயே ஓடும். ஒன்னே ஒன்னு, டவுன்லோடு அவங்க சொந்த சைட்ல இருந்து மட்டும் பண்ணுங்க, தேடும்போது மேல வர்ற கண்ட லிங்க்கையும் தொடாதீங்க.

வியாசர்பாடி தங்கச்சி: கவர்மென்ட் லேப்டாப் தான் இருக்கு, 2 ஜிபி ரேம். ஓடுமா அண்ணா?

சோக்கா ஓடும்மா. பழைய மெஷினுக்குன்னே வந்த லுபுண்டு லினக்ஸ்ல பல வருஷம் இதத்தான் பாட்டு பிளேயரா கூடவே வெச்சுக் குடுத்தாங்க. விண்டோஸுக்கும் இருக்கு.

திருவொற்றியூர்ல இருந்து: நமக்கு விண்ணாம்ப் கை பழகிப்போச்சு தலைவரே, புதுசா கத்துக்க முடியாது.

கத்துக்கவே வேணாம். வியூ மெனுல இன்டர்ஃபேஸ்னு இருக்கும், அதுல விண்ணாம்ப் கிளாசிக்கை எடுத்தீங்கன்னா அதே சின்ன டப்பா, அதே ஈக்வலைசர். பழைய விண்ணாம்ப் ஸ்கின் ஃபைல், அதாவது பிளேயரோட தோற்றத்த மாத்தற ஃபைல் வெச்சிருந்தா அதையும் போட்டுக்கலாம். எக்ஸ் அமுக்குனா ஓடும், சி பாஸ், வி ஸ்டாப், பி (B) அடுத்த பாட்டு, இசட் முந்தின பாட்டு. விசேஷத்துல யாராவது வந்து "அந்தப் பாட்டு போடுண்ணா"ன்னு நிப்பாங்க இல்ல, அந்தப் பாட்டு மேல நின்னு கியூ அமுக்கிடுங்க, இப்ப ஓடறது முடிஞ்சதும் அது வரும், லிஸ்ட்டு கலையாது.

புளியந்தோப்பு பையன், டோலக் கத்துக்கறவர்: ஒரு உருட்டு வருதுண்ணா, வேகமா போய்டுது, கையில புடிபட மாட்டேங்குது.

இதுக்கு இத விட நல்ல வழி எனக்குத் தெரியல தம்பி. பிளேபேக் மெனுல ஏ-பி ரிப்பீட்னு இருக்கு, உருட்டு ஆரம்பிக்கற இடத்துல ஏ வை, முடியற இடத்துல பி வை, அந்த நாலு செகண்டே திரும்பத் திரும்ப சுத்தும். அப்பால எஃபெக்ட்ஸ்ல ஸ்பீடு அண்ட் பிட்ச்னு ஒரு பிளக்இன், அதாவது கூட சேத்துக்கற சின்ன வசதி, அத ஆன் பண்ணி வேகத்த மட்டும் முக்கால் ஆக்கு, சுருதி இறங்காது, டோலக் டோலக்காவே கேக்கும். கை வந்ததும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்து.

பெரம்பூர்ல இருந்து: 128 கேபிபிஎஸ்ல (ஒரு செகண்டுக்கு எவ்ளோ டேட்டாங்கற கணக்கு) இருக்கற எம்பி3ய 320க்கு மாத்தினா குவாலிட்டி ஏறுமா?

ஏறாது. போனது போனதுதான், சைஸ் மட்டும் ரெண்டரை மடங்கு ஆகும்.

பழைய வண்ணாரப்பேட்டை அக்கா: பாட்டு பேரு தமிழ்ல போட்டா பாதியில வெட்டுது, சிலது கேள்விக்குறியா வருதே?

அக்கா, எம்பி3க்குள்ள பேரு எழுதற இடத்துக்கு டேக்னு பேரு. பழைய டேக்ல பாட்டு பேருக்கு 30 பைட்டு தான் இடம். இங்கிலீஷுக்கு 30 எழுத்து தாங்கும். தமிழ யூனிகோடு யூடிஎஃப்-8ல, அதாவது இப்ப எல்லா எடத்துலயும் எழுத்த சேமிக்கற முறைல எழுதினா ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டு போகுது, புள்ளி, காலு, கொம்பு எல்லாம் தனித்தனி கணக்கு. "வண்ணாரப்பேட்டை"ன்னு எழுதிப் பாருங்க, 14 குறி, 42 பைட்டு. நம்ம ஊரு பேரே அதுல அடங்கல, "வண்ணாரப்பே"யோட நின்னுடும். அதனால புது டேக், ஐடி3 வெர்ஷன் 2, அதுல போடுங்க, இந்தத் தொல்லை இல்ல. கேள்விக்குறி ஆனது திரும்ப வராது, கையால தான் அடிக்கணும். கிட்3ன்னு இன்னொரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, ஒரே நேரத்துல நூறு ஃபைலுக்கு மாத்தலாம்.

சினிமா பாட்டுக்கு நெட்ல விவரம் கிடைச்சுடும். கானாவுக்கு கிடைக்காது. யாரு பாடுனது, எந்தத் தெரு, யாரு சாவுக்கு, டோலக் யாரு, எந்த வருஷம், இதெல்லாம் நீங்க எழுதினா தான் உண்டு. கமென்ட்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல எழுதுங்க. கேக்கறதுக்கு பெரியவங்க இருக்கும்போதே எழுதிடுங்க அக்கா.

காலடிப்பேட்டை: ஒரு பாட்டு கத்துது, ஒரு பாட்டு முணுமுணுங்குது.

ரீபிளே கெயின்னு ஒன்னு இருக்கு, எல்லா பாட்டோட சத்தத்தையும் ஒரே அளவுக்கு கொண்டு வரும். செட்டிங்ஸ்ல ஆன் பண்ணுங்க. ஆனா ஆடேஷியஸ் டேக்ல இருக்கறத படிக்கும், தானா அளக்காது, அளக்கறதுக்கு மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்டுன்னு டேக் எழுதற இன்னொரு ஃப்ரீ சாஃப்ட்வேர்ல பிளக்இன் இருக்கு.

எண்ணூர்: கரண்ட்டு போய் வந்தா லிஸ்ட்டு முதல்ல இருந்து ஓடுது.

செட்டிங்ஸ்ல ஸ்டார்ட் ஆகும்போது விட்ட எடத்துல இருந்து தொடரச் சொல்லி ஒரு டிக் இருக்கு, அத போடுங்க. ஃபோன்ல வருமான்னு வேற ரெண்டு பேரு கேட்டீங்க, வராது, அதுக்கு விஎல்சி எடுத்துக்குங்க.

காசிமேட்டுல இருந்து ஒரு அண்ணன்: எங்கப்பா பாடின கேசட் நாலு பீரோல கிடக்குது. வர்ற ஞாயித்துக்கிழமை அவருக்கு படத்திறப்பு. அதுல அவரு குரல போடணும். முடியுமா?

முடியும்ணா. முதல்ல ஒன்னு, கேசட்ட இப்போ எதுலயும் போட்டு ஓட்டிப் பாக்காதீங்க. கடல் காத்துல டேப் மேல வெள்ளையா பூஞ்சை புடிச்சிருக்கும், ஜன்னல் வழியா பாத்தா தெரியும், அப்படியே ஓட்டினா ஹெட்ல ஒட்டி அறுந்துடும். எங்கிட்ட கேசட் டெக் இருக்கு, ஹெட்ட ஐசோபுரோபைல் ஆல்கஹால் வெச்சு துடைச்சு, சும்மா கிடக்கற வேற கேசட்ட முதல்ல ஓட்டி செக் பண்ணிட்டு தான் உங்களுத போடுவேன். மைக் ஓட்டையில குத்தக் கூடாது, லைன்-இன்ல தான் குத்தணும், ஆடாசிட்டில சத்தத்தோட அளவு மைனஸ் 6 டெசிபல் தாண்டாம பாத்து, எதையும் சுருக்காத வேவ் ஃபைலா எடுக்கணும். ஒரு மணி நேர கேசட்டுக்கு 635 எம்பி வரும், அத எஃப்எல்ஏசி ஆக்கினா கிட்டத்தட்ட பாதியாகும், சத்தம் ஒரு பொட்டு குறையாது. எம்பி3 அதுல இருந்து அப்பால போட்டுக்கலாம், மூலம் எஃப்எல்ஏசியா தான் இருக்கணும்.

இதுல நான் பிடிவாதமா இருக்கறதுக்கு காரணம் இருக்கு. எங்க மாமா பாடினது முப்பது பாட்டு ஒரே ஹார்டு டிஸ்க்ல வெச்சிருந்தேன், வேற காப்பி இல்ல, டிஸ்க் ஒரு நாள் கடக் கடக்னு சத்தம் போட்டு நின்னுடுச்சு, ரெக்கவரிக்கு குடுத்தும் ஒன்னும் வரல. எந்த ஆப்லயும் தேடினா அந்தப் பாட்டு கிடைக்காது, எங்கயும் இல்ல. அதனால உங்களுத மூணு காப்பி எடுப்பேன், ஒன்னு உங்க பென்டிரைவ்ல, ஒன்னு என்கிட்ட, ஒன்னு உங்க தங்கச்சி வீடோ சொந்தக்காரங்க வீடோ, வேற வீட்ல.

ஞாயித்துக்கிழமை நானே வர்றேன். கன்ட்ரோல் எம் அமுக்கினா ஓடற பாட்டோட நின்னுடும், அவரு பாடி முடிச்சதும் அடுத்தது எதுவும் குதிச்சு வராது. கேசட்ட நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எடுத்துனு வாங்க, பிளாஸ்டிக் கவர்ல போடாம துணியில சுத்தி எடுத்துனு வாங்க.