கிளிக்குக்குக் காசு கொடுக்கும் விளம்பரத்துக்கு, அதிகம் பேர் தேடும் கீவேர்டுகளை (எந்தத் தேடலில் விளம்பரம் வர வேண்டும் என்று நாம் கொடுக்கும் சொற்களை) எடுத்தால் போதுமா?

போதாது. ஒரு மாத பட்ஜெட்டை ஆறே நாளில் கரைத்தவன் சொல்கிறேன். நீங்களும், எந்தச் சொல்லை எவ்வளவு பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுளின் கீவேர்டு பிளானரைத் திறந்து, தேடல் எண்ணிக்கை வாரியாக அடுக்கி, மேலே உள்ள பத்தை அள்ளிப் போடத்தான் போகிறீர்கள் என்று தோன்றுகிறது. நானும் அதைத்தான் செய்தேன்.

ஆவணங்களை மொழிபெயர்த்துத் தருவது என் தொழில். பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், இந்த மாதிரி. கூகுள் ஆட்ஸில் 'மொழிபெயர்ப்பு' என்ற ஒற்றைச் சொல்லை பிராட் மேட்சில், அதாவது அதோடு தொடர்புள்ள எந்தத் தேடலுக்கும் விளம்பரம் போகும்படி, போட்டேன். கிளிக் கொட்டியது, மெயில் ஒன்றுகூட வரவில்லை. ஏழாம் நாள்தான் சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. நாம் கொடுக்கிற கீவேர்டு வேறு, ஆட்கள் உண்மையில் தட்டுகிற வார்த்தை வேறு. அந்த இரண்டாவதைக் காட்டுவதுதான் இது. 'மொழிபெயர்ப்பு ஆப்', 'மொழிபெயர்ப்பு என்றால் என்ன', 'வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை' என்று வரிசையாக இருந்தன. ஒரு புண்ணியவான் பிரெஞ்சில் காதலை எப்படிச் சொல்வது என்று தேடியிருந்தார். அவர் கிளிக்குக்கும் நான்தான் காசு கட்டினேன். எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அப்புறம் பழைய மெயில்களை எடுத்துப் படித்தேன். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் 'மொழிபெயர்ப்பு' என்றே எழுதவில்லை. 'பர்த் சர்டிபிகேட்டை இங்கிலீஷில் மாத்தணும், விசாவுக்கு' என்றுதான் எழுதியிருந்தார்கள். அந்த வார்த்தைகளையே பிரேஸ் மேட்சில், அதாவது அந்தச் சொற்றொடரின் பொருள் அடங்கிய தேடலுக்கு மட்டும் விளம்பரம் போகும்படி, போட்டேன். பிளானரில் அதற்குத் தேடல் இல்லாத மாதிரிதான் காட்டியது. ஆனால் வந்தவர்கள் கையில் சான்றிதழோடு வந்தார்கள். விளம்பர வரியிலும் அதே சொற்கள், கிளிக் செய்தால் திறக்கும் பக்கமும் பிறப்புச் சான்றிதழுக்கென்றே தனியாக என்று மாற்றியதும், விளம்பரமும் பக்கமும் தேடலுக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்று கூகுள் போடும் மதிப்பெண்ணான குவாலிட்டி ஸ்கோரும் ஏறியது. விளம்பரம் எந்த இடத்தில் வரும் என்பதை நீங்கள் கேட்கும் விலை மட்டும் தீர்மானிப்பதில்லை.

பெரிய பட்ஜெட் ஓட்டுகிறவர்கள், 'இதெல்லாம் பழைய கதை, பிராட் மேட்சோடு ஸ்மார்ட் பிட்டிங் போடு' என்று சொல்வார்கள். ஒவ்வொரு தேடலுக்கும் எவ்வளவு விலை கேட்பது என்பதை கூகுளே தீர்மானிப்பதுதான் ஸ்மார்ட் பிட்டிங். சரி, மாதத்துக்கு நூற்றுக்கணக்கில் ஆர்டர் வந்தால் அது கற்றுக்கொள்ளும். எனக்கு ஒரு கை விரலுக்குள் அடங்குகிற ஆர்டர்தான், அதிலிருந்து அது என்ன கற்கும்? கொடுத்த சொல்லுக்கு மட்டும் என்று சொல்லப்படும் எக்ஸாக்ட் மேட்சும் இப்போது அவ்வளவு எக்ஸாக்ட் இல்லை என்பது தெரியும், 2018 முதல் அதே பொருள் தரும் வேறு சொற்களுக்கும் விளம்பரம் போகிறது. ரிப்போர்ட்டும் முழுசாக இல்லை: 2020 செப்டம்பருக்குப் பிறகு, போதுமான பேர் தேடிய சொற்கள் மட்டுமே அதில் வருகின்றன. இருக்கிறதையாவது வாரம் ஒரு முறை படியுங்கள் என்கிறேன்.

நடுவில் ஓர் ஏஜென்சியிடமும் கொடுத்துப் பார்த்தேன். செலவில் இத்தனை சதவீதம் என்பது அவர்கள் கூலி. ஆகவே ஒவ்வொரு மாதமும் 'இன்னும் கீவேர்டு சேர்க்கலாம் சார்' என்பார்கள். வேறு எப்படிச் சொல்வார்கள்? இதில், வருகிற ஆர்டரிலும் 'ஒரு பக்கம்தானே, சும்மா பார்த்துக் கொடுங்களேன்' என்கிறவர்கள் பாதி. ஒரு பக்கத்தில் நான்கு முத்திரை, கிறுக்கலாக ஒரு கையெழுத்து, அழிந்துபோன ஒரு தேதி. இதைப் படிக்க ஆகும் நேரத்தை யார் கணக்கில் எடுக்கிறார்கள்? விடுங்கள், நீங்கள் கேட்டது அதுவல்ல.

இந்தச் சொல் வந்தால் விளம்பரம் வேண்டாம் என்று நாம் கொடுக்கும் நெகட்டிவ் கீவேர்டில் மட்டும் கொஞ்சம் நிதானம். வேலை தேடுகிறவர்களைத் தடுக்க 'வேலை' என்று ஒற்றைச் சொல்லாகப் போட்டேன். 'வேலைகள்' என்று தேடியவர்கள் அதையும் மீறி வந்துகொண்டிருந்தார்கள், அதைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆனால் 'வேலை விசாவுக்குச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு' என்று தேடியவர்களுக்கு என் விளம்பரமே போகவில்லை. இரண்டு மாதம் கழித்து, ஒரு பழைய வாடிக்கையாளர் 'தேடினேன் சார், உங்களைக் காணோமே' என்று கேட்ட பிறகுதான் புரிந்தது. இப்போது அந்தப் பட்டியலில் 'மொழிபெயர்ப்பு வேலை' என்று முழுசாக, பிரேஸ் மேட்சில் இருக்கிறது.