கேபாவும் சீமோனும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தாத்தா ஞானஸ்நானம் பெற்றபோது பழைய பெயரை விட்டுவிட்டுப் புதுப்பெயர் ஏற்றார். சீமோன் பேதுருவானதையும், தமஸ்கு வழியில் மனந்திரும்பிய சவுல் பவுலானதையும் இதற்கு முன்மாதிரியாகச் சொல்வார்கள். பழைய மனிதன் ஒழிந்தான் என்பதுதான் அப்பெயர்களின் பொருளா?

வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் பவுலை இந்த வரிசையிலிருந்து எடுத்துவிடலாம். தமஸ்கு வழியில் அவருக்கு எவரும் பெயரிடவில்லை. அங்கே கேட்ட குரல் அவரைச் ‘சவுலே’ என்றுதான் அழைத்தது. அதன் பிறகும் நான்கு அதிகாரங்கள் வரை, புதிய ஏற்பாட்டு நூலான அப்போஸ்தலர் நடபடிகளில் அவர் சவுல்தான். சைப்ரஸ் தீவில் செர்கியு பவுல் என்ற ரோம அதிபதியின் முன் நிற்கும்போதுதான், ‘பவுல் என்று சொல்லப்பட்ட சவுல்’ என்று போகிறபோக்கில் ஒரு குறிப்பு வருகிறது. பிறப்பிலேயே ரோமக் குடியுரிமை பெற்றிருந்த அவருக்கு யூதரிடையே ஒரு பெயரும் ரோமரிடையே ஒரு பெயரும் முன்பே இருந்தன என்று கொள்வதே பொருத்தம். லத்தீனில் அச்சொல்லுக்குச் ‘சிறிய’ என்று பொருள். தமிழ்க் கத்தோலிக்கர் அவரைச் சின்னப்பர் என்று அழைத்ததில் அந்தப் பொருள் அழகாகத் தங்கியிருக்கிறது.

பர்னபாவின் கதை வேறு. சைப்ரஸைச் சேர்ந்த யோசே என்னும் லேவியருக்கு, ஆறுதலின் மகன் என்று பொருள்படும் அப்பெயரை அப்போஸ்தலரே இட்டனர். எல்லோரும் சவுலைக் கண்டு அஞ்சி ஒதுங்கியபோது அவரைக் கையோடு அழைத்து வந்து நிறுத்தியவர் அவர்தான் என்பதால், உடனிருந்தவர்கள் ஆளை அறிந்தே வைத்த பெயர் என்று நினைக்கத் தோன்றுகிறது. இயேசுவின் சீடர்களான செபதேயுவின் மக்கள் யாக்கோபு, யோவான் இருவருக்கும் கிடைத்த ‘இடிமுழக்க மக்கள்’ என்ற பெயரையும் இவ்வகையில் சேர்க்கலாம். தங்களை ஏற்காத சமாரிய கிராமத்தின்மேல் வானத்திலிருந்து நெருப்பு இறங்கட்டுமா என்று கேட்டவர்கள் அல்லவா!

சீமோனுக்கு வாய்த்த பெயர்தான் விந்தையானது. கேபா என்றால் அரமேயத்தில் பாறை; கிரேக்கத்தில் பெண்பாலாக உள்ள ‘பெத்ரா’ என்னும் சொல்லை ஆண்பாலாக்கிப் பெத்ரோஸ் என்றனர், அதுவே நமக்குப் பேதுருவாயிற்று. யோவான் சுவிசேஷத்தின்படி முதல் சந்திப்பிலேயே, அந்த மீனவர் எதையும் செய்து காட்டுவதற்கு முன்பே, ‘நீ கேபா எனப்படுவாய்’ என்று எதிர்கால வினையில் சொல்லப்படுகிறது. அதற்குப் பிறகு இயேசு அவரை அப்பெயரால் அழைப்பது மிக அரிது. கெத்செமனே தோட்டத்தில் தூங்கிப்போனவரை எழுப்பும்போது ‘சீமோனே’ என்கிறார். ‘பேதுருவே’ என்று நேரே விளிப்பது சுவிசேஷங்களில் ஒரே இடத்தில்தான், லூக்கா 22:34-இல். அதுவும், சேவல் கூவுமுன் நீ என்னை மூன்று முறை மறுதலிப்பாய் என்று சொல்லும்போது! பாறை என்று விளிக்கும் அந்த நொடியிலேயே பாறை பிளக்கப்போவதும் சொல்லப்படுகிறது.

ஆகவே அப்பெயர் பழைய சீமோனை ஒழித்துவிடவில்லை. அவர்மேல் ஏற்றப்பட்ட ஒரு பொறுப்பாகவே அதை நான் வாசிக்கிறேன். மறுதலித்த இரவில் அவர் குளிர்காய்ந்தது கரிநெருப்பில். உயிர்த்தெழுதலுக்குப் பின் திபேரியா கடற்கரையிலும் அதே கரிநெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். அங்கே ‘என் ஆடுகளை மேய்ப்பாயாக’ என்று ஒப்படைக்கும்போதும், மூன்று முறையும் ‘யோனாவின் குமாரனாகிய சீமோனே’ என்றே இயேசு அவரை அழைக்கிறார்.