பெட்டி மூடியில் எழுதிய நம்பர்: டிசபிலிட்டி பென்ஷனும் தொலைந்த காகிதங்களும் – கேள்வி பதில்

ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவன் நான். அதில் சில வருஷம், சிப்பாய்களின் சர்வீஸ் காகிதங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் கழிந்தது. இப்போது பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறேன். தொலைந்த காகிதம், டிசபிலிட்டி பென்ஷன் (சர்வீஸால் வந்த உடல் பாதிப்புக்குத் தரும் பென்ஷன்), இந்த இரண்டும் மட்டும் கேளுங்கள். நான் வக்கீல் இல்லை.

பென்னாகரத்திலிருந்து ஓர் அம்மா: என் வீட்டுக்காரரை 1998-ல் உடம்பு சரியில்லை என்று பென்ஷன் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போன வருஷம் தவறிவிட்டார். டிஸ்சார்ஜ் புக் முதல் எல்லாவற்றையும் கரையான் தின்றுவிட்டது. அவருடைய ராணுவ நம்பர்கூட எனக்குத் தெரியாது. எங்கே ஆரம்பிப்பது?

நம்பரில்தான் அம்மா. வீட்டில் அவர் கொண்டுவந்த கறுப்பு இரும்புப் பெட்டி இருக்கிறதா? அதன் மூடியைப் பாருங்கள். வெள்ளை பெயின்ட்டில் நம்பர், ரேங்க், பெயர் எழுதாத சிப்பாய் பெட்டி அபூர்வம். மாரண்டஹள்ளி பக்கம் ஒரு வீட்டில் அந்தப் பெட்டியில் ராகி கொட்டி வைத்திருந்தார்கள். பெயின்ட் பாதி உதிர்ந்திருந்தது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பெயின்ட் இருந்த இடம் மட்டும் லேசாகத் தடித்துத் தெரிந்தது. அரை மணி நேரத்தில் படித்துவிட்டோம். பெட்டி இல்லையென்றால் பழைய மணியார்டர் துண்டு, அவர் எழுதிய கடிதத்தின் 'அனுப்புநர்' பகுதி, ரெஜிமென்ட் குரூப் போட்டோவின் அட்டை.

அடுத்து, எந்தப் பிரிவு என்று பாருங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை நாசிக் ரோடு, சிக்னல்ஸ் ஜபல்பூர், இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவு செகந்திராபாத். அங்குள்ள ரெக்கார்ட் ஆபீஸுக்கு உங்கள் பெயரில், இறப்புச் சான்று நகலோடு எழுதுங்கள். பென்ஷன் இல்லாமல் போனவர்களின் கோப்பை 25 வருஷத்தில் அழித்துவிடுவார்கள், அதனால் 'இல்லை' என்று பதில் வரலாம். பயப்படாதீர்கள். லாங் ரோல் என்று ஒரு பெரிய பதிவேடு உண்டு, அதை அழிப்பதில்லை. 'லாங் ரோல் பதிவின் நகல் வேண்டும்' என்று அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, எதனால் வெளியேறினார் என்பது அதில் கிடைக்கும்.

ஊத்தங்கரை: 2009-ல் ஓய்வு. மெடிக்கல் போர்டில் உடல் பாதிப்பு 30% என்று போட்டார்கள், ஆனால் 'சர்வீஸால் வந்ததல்ல' என்று தள்ளுபடி. அந்தத் தள்ளுபடிக் கடிதம் தொலைந்துவிட்டது. இனி கேஸ் போட முடியாதா சார்?

நீங்கள் தேடுவது தப்பான காகிதம். முடிவைச் சொல்லும் கடிதத்தைவிட முடிவு எடுத்த காகிதம் முக்கியம். அது உங்கள் ரிலீஸ் மெடிக்கல் போர்டு நடவடிக்கை, அதாவது வெளியேறும்போது ராணுவ டாக்டர்கள் சோதித்து எழுதிய பதிவு. தகவல் உரிமைச் சட்டத்தில் ரெக்கார்ட் ஆபீஸுக்கு மனுப் போடுங்கள். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர், 30 நாள். 'ஏன் தள்ளுபடி செய்தீர்கள்' என்று கேட்காதீர்கள், அதற்குக் கதை சொல்வார்கள். 'மெடிக்கல் போர்டு நடவடிக்கை, சேரும்போது எடுத்த மருத்துவப் பரிசோதனைப் பதிவு, தள்ளுபடிக் கடிதம், இவற்றின் நகல்' என்று மூன்று வரி போதும்.

அதில் இரண்டாவதைக் கேட்கச் சொன்னது ஏன் தெரியுமா? சேரும்போது அந்த நோய் குறிக்கப்படவில்லை என்றால், அது சர்வீஸால் வந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டுவது அவர்கள் பொறுப்பு என்று 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜெயித்தால் 2014-ன் ராம் அவதார் தீர்ப்புப்படி உங்கள் 30% என்பது 50% ஆகக் கணக்கிடப்படும். இடம் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம். தாமதமாகப் போனால் நிலுவை பொதுவாக மனுவுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான். அதனால் சும்மா இருக்காதீர்கள். (2023 செப்டம்பருக்குப் பின் வெளியே வந்தவர்களுக்கு விதிகள் வேறு. இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.)

ஓசூர்: அண்ணா, பெங்களூரு இங்கிருந்து கூப்பிடு தூரம். எதற்குத் தபால்? நேரில் போய் வாங்கிவந்துவிடலாமே?

போங்கள். ஆனால் மனுவைத் தபாலிலும் போட்டுவிட்டுப் போங்கள்.

காவேரிப்பட்டணம்: ஓசூர் நண்பருக்கு: நான் மூன்று தடவை போனேன். ஒரு தடவை லீவு, ஒரு தடவை 'சாப் (அதிகாரி) இல்லை', மூன்றாவது தடவை 'மனுக் கொடுத்தீர்களா?' என்றார்கள்.

ஓசூர்: நான் போன அன்றே என் பகுதி 2 ஆர்டர் (சர்வீஸ் விவரங்களைப் பதியும் உத்தரவு) நகல் கிடைத்தது. ஆளைப் பார்த்தால்தான் வேலை நடக்கும்.

இருவரும் சொல்வது உண்மை. கவுன்டருக்கு உள்ளே உட்கார்ந்தவன் சொல்கிறேன். நேரில் வந்தவருக்கு நாங்கள் உதவுவோம், மனசு இருந்தால். ஆனால் அவர் வந்துபோனதற்கு எங்கள் டைரியில் ஒரு வரியும் இருக்காது. தபாலில் வந்தது உள்வரவு எண் வாங்கிவிடும். அப்புறம் அதற்குப் பதில் சொல்லாமல் கோப்பை மூட முடியாது. ஆறு மாசம் கழித்துத் தீர்ப்பாயத்தில் 'நான் பத்து தடவை போனேன்' என்றால் யார் நம்புவார்கள்? தபால் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையை நீட்டினால் நம்புவார்கள். அதை அரிசி டப்பாவில் போடாமல் கோப்பில் வையுங்கள்.

காவேரிப்பட்டணம்: அப்படிப் போடுங்க சார்!

ஓசூர்க்காரரை விடுங்கள். அடுத்த கேள்வி.

அரூர்: சி.ஆர்.பி.எஃப்.-ல் இருந்தேன். எனக்கும் இதேதானா?

இல்லை. நீங்கள் உள்துறை அமைச்சகம். உங்கள் குரூப் சென்டரைக் கேளுங்கள்.

தருமபுரி: அரசு ஆஸ்பத்திரியில் மாற்றுத்திறனாளி அட்டை 60% போட்டுக் கொடுத்தார்கள். பென்ஷன் ஏறுமா?

அந்த அட்டை அதற்கான சலுகைகளுக்கு. பென்ஷனுக்கு ராணுவ மெடிக்கல் போர்டு சொல்வதுதான் கணக்கு.

பர்கூர்: டிஸ்சார்ஜ் புக் கிழிகிறது. லேமினேஷன் போட்டுவிடவா?

போடாதீர்கள்! அதில் பின்னால் பதிவு எழுத, முத்திரை குத்த இடம் வேண்டும். பிளாஸ்டிக் மேல் யார் எழுதுவது? கவரில் போட்டு வையுங்கள்.

ராயக்கோட்டை: டிஸ்சார்ஜ் புக் தொலைந்துவிட்டது. என்ன செய்ய?

போலீஸில் புகார், ரசீது, நோட்டரி அஃபிடவிட், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ரெக்கார்ட் ஆபீஸுக்கு டூப்ளிகேட் மனு. கிருஷ்ணகிரி 2004-ல்தான் தனி மாவட்டம். அதற்கு முன் பதிந்தவர் என்றால் தருமபுரி அலுவலகத்தின் பழைய பதிவேட்டையும் கேளுங்கள்.

மத்தூர்: டிஸ்சார்ஜ் புக் காணோம்...

ராயக்கோட்டைக்குச் சொன்னதுதான்.

காரிமங்கலம்: டிஸ்சார்ஜ் புக் தண்ணீரில் நனைந்து...

மேலே பாருங்கள் ஐயா. நனைந்ததைத் தூக்கிப் போடாமல் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.

போச்சம்பள்ளி: ஒருத்தர் ஒரிஜினல் எல்லாம் கொடுத்தால் நிலுவையில் பாதி எடுத்துக்கொண்டு முடித்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

கொடுத்தீர்கள் என்றால் அடுத்த மாசம் நீங்களும் 'டிஸ்சார்ஜ் புக் காணோம்' என்று வருவீர்கள். ஒரிஜினல் யாருக்கும் கிடையாது. மருமகனாக இருந்தாலும் நகல்தான்.

பென்னாகரத்து அம்மா: பெட்டி கிடைத்தது தம்பி. பையன் மேலே நீல பெயின்ட் அடித்துவிட்டான். நீங்கள் சொன்ன மாதிரி டார்ச் அடித்துப் பார்த்தோம். எண்கள் தெரிகின்றன. கடைசியில் ஏதோ ஓர் இங்கிலீஷ் எழுத்து, அதுமட்டும் தெரியவில்லை.

அந்த எழுத்து சரிபார்ப்புக்காக வைப்பது அம்மா. இல்லாமலேயே எழுதுங்கள். பெயர், தகப்பனார் பெயர், சொந்த ஊர், தெரிந்தால் சேர்ந்த வருஷம், இவை கூட இருந்தால் கிளார்க் தேடி எடுத்துவிடுவான். பெயின்ட்டை மட்டும் சுரண்டிவிடாதீர்கள். முதலில் ஒரு போட்டோ எடுங்கள்.