மண்டையிடி: கேட்டவர்களுக்குப் பதில்

முப்பது வருடத்துக்கு மேல் மதுரையில் பொது மருத்துவம் பார்த்தவன் நான். நரம்பியல் நிபுணன் இல்லை. அவரிடம் போக வேண்டிய விஷயமென்றால் போகச் சொல்லிவிடுவேன். மாத்திரைப் பெயர் கேட்டால் சொல்ல மாட்டேன். எப்படியும் கேட்பீர்கள், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

திருமங்கலம், ஆசிரியை: மாதம் மூன்று நான்கு தடவை ஒரு பக்கம் மண்டை தெறிக்கிறது. குமட்டல், வெளிச்சம் ஆகாது. ஒரு தடவை வெயில், ஒரு தடவை சாப்பிடாமல் இருந்தது, போன வாரம் மல்லிகைப்பூ. எதுதான் காரணம் டாக்டர்?

மூன்றுமே காரணம் இல்லை அம்மா, கிளப்பி விடுகிறவை. முன்கோபக்கார மாமனார் இருக்கிற வீட்டில் ஒரு நாள் காபி ஆறிப்போனதற்குச் சத்தம் போடுவார், மறுநாள் பேப்பர் வரவில்லை என்று. காபியையும் பேப்பரையும் குற்றம் சொல்லி என்ன செய்ய? கோபம் அவருக்குள் இருக்கிறது. நீங்கள் சொல்வது மைக்ரேன் போல இருக்கிறது, நம் பேச்சில் ஒற்றைத் தலைவலி. பெரும்பாலும் குடும்பத்தில் வருகிற ஒரு நரம்புச் சுபாவம். பெண்களுக்கு ஆண்களைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை படுத்தும். பெயரில்தான் ஒற்றை, இரண்டு பக்கமும் வரலாம்.

கிளப்பி விடுகிறவற்றில் முக்கியமான ஒன்று வேளை தவறின சாப்பாடு. தூக்கம் குறைந்தாலும் வரும், ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கினாலும் வரும். அப்புறம் மாதவிலக்கை ஒட்டிய நாட்கள், கண் கூசும் வெளிச்சம், புழுக்கம், தூக்கலான வாசனை. பூவில் தப்பில்லை, நம் மல்லி அப்படி மணக்காவிட்டால் மதுரை மல்லி என்று பேர் எதற்கு? ஒன்று மட்டும் வந்தால் பலர் தாங்கிக்கொள்வார்கள். இரண்டு மூன்று சேர்ந்தால்தான் வினை. அழகர் ஆற்றில் இறங்குகிற ராத்திரியை நினைத்துப் பாருங்கள்: விடிய விடிய முழிப்பு, வெறும் வயிறு, கூட்ட நெரிசல், சித்திரை வெயில், தலை நிறையப் பூ. மறுநாள் என் கிளினிக் பெஞ்சில் இடம் இருக்காது.

தினசரிக் காலண்டர் ஒன்றை எடுத்து, வலி வந்த நாளில் எத்தனை மணிக்கு வந்தது, முந்தின ராத்திரி எவ்வளவு தூக்கம், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, என்ன மாத்திரை போட்டீர்கள் என்று குறியுங்கள். மூன்று மாதம் போதும். அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

செல்லூர், விசைத்தறி: ரெண்டு வருசமா தினமும் தலைவலி சார். மெடிக்கல்ல ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டா மதியம் வரைக்கும் நிக்கும்.

தம்பி, அந்தச் செட்தான் இப்போது உங்கள் வியாதியாக இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். வலி மாத்திரையே தலைவலியை நிரந்தரமாக்கும். சாதாரண பாராசிட்டமால் மாதிரி மாத்திரை மாதத்தில் 15 நாள், பல மருந்து கலந்த மாத்திரை 10 நாள், இந்தக் கணக்கைத் தொட்டு மூன்று மாதத்துக்கு மேல் ஓடினால் ஆபத்துக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். ஒரு செட்டில் என்னென்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. சில நேரம் கொடுக்கிறவருக்கும் தெரியாது. போன மாதம் எத்தனை செட் வாங்கினீர்கள்? எண்ணிவிட்டுச் சொல்லுங்கள்.

அண்ணா நகர், மாணவர்: ஜிகர்தண்டா குடித்தால் நெற்றி சுரீர் என்கிறது. மூளையில் கோளாறா?

மெதுவாகக் குடி. மேலண்ணத்தில் ஐஸ் பட்டதும் நரம்பு கத்துகிறது, பத்து நிமிடத்துக்குள் போய்விடும்.

வில்லாபுரம்: காபியை நிறுத்தி இரண்டு நாள் ஆகிறது. தலை வெடிக்கிறது.

காபிதான் கேட்கிறது. தினமும் நிறையக் குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் 24 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து ஒரு வாரத்துக்குள் அடங்கும். ஒவ்வொரு டம்ளராகக் குறைத்திருக்கலாம்.

மேலூர், இல்லத்தரசி: எனக்கு சைனஸ் தலைவலி. தலைக்குக் குளித்தாலே நீர் கோத்துக்கொள்கிறது. என்ன செய்ய?

இந்தக் கேள்வி மட்டும் இன்று ஒன்பது வந்திருக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில்.

நெற்றி எலும்பைத் துளைத்துக்கொண்டு குளித்த தண்ணீர் உள்ளே போகாது. நிஜமான சைனஸ் அழற்சியில் மூக்கு அடைத்து, மஞ்சளோ பச்சையோ கெட்டியாகச் சளி வரும், வாசனை தெரியாது, காய்ச்சலும் அடிக்கலாம். தெளிவான மூக்கு, ஆனால் நெற்றியும் கண்ணும் மாதாமாதம் வலிக்கிறது என்றால் மைக்ரேனை நினையுங்கள். மைக்ரேனிலும் கண்ணில் நீர் வரும், மூக்கு ஒழுகும், அதனால்தான் ஏமாறுகிறோம். 2004இல் அமெரிக்காவில் சைனஸ் தலைவலி என்று சொல்லிக்கொண்ட 2991 பேரை ஆராய்ந்தபோது 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகை வலி.

அவனியாபுரம், ஓய்வுபெற்ற தபால்காரர்: மன்னிக்கணும் ஐயா. என் அப்பத்தா தலைக்குக் குளித்தால் சாம்பிராணி போட்டுக் காய வைப்பார், இல்லாவிட்டால் நொச்சி போட்டு ஆவி பிடிப்பார். தலைவலி வராது. நீர் கோக்கிறது என்பது எல்லாம் பொய்யா?

அப்பத்தா பார்த்தது பொய் இல்லை ஐயா. குளித்தால் வலி வருகிறது என்பது உண்மை. மும்பை மருத்துவர் கே. ரவிசங்கர் 2006இல், தலைக்குக் குளித்தால் மைக்ரேன் கிளம்புகிற 94 இந்திய நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். அப்பத்தா சொன்ன காரணம்தான் தப்பு.

அவனியாபுரம்: காரணம் எதுவாக இருந்தால் என்ன, வைத்தியம் பலித்ததே?

வித்தியாசம் இருக்கிறதே ஐயா. நீர் கோத்தது என்று நம்பினால் குளிப்பதையே நிறுத்துவீர்கள், வருடக்கணக்கில் சளி மாத்திரை சாப்பிடுவீர்கள், மைக்ரேனுக்கு மருந்து இருப்பதே தெரியாமல் போகும். ஆவி பிடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கொதிக்கிற பானையைப் பிள்ளைகள் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், அந்தக் கொப்புளங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

உசிலம்பட்டி, மளிகைக்கடை: நடுவில் வருகிறேன். என் வீட்டுக்காரிக்கு வெள்ளிக்கிழமை மட்டும் தலைவலி. அதுவும் நீர் கோக்கிறதுதானே?

வெள்ளிக்கிழமை அவர் என்ன செய்கிறார் என்று உட்கார்ந்து பார்த்தீர்களா? நான் சொல்லிப் பார்க்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள். விடியுமுன் எழுந்து வீடு வாசல் கழுவுகிறார். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார். ஈரக் கூந்தலைத் துண்டால் இறுக்கிக் கட்டுகிறார். விளக்கேற்றிப் பூஜை முடியாமல் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. சாம்பிராணிப் புகை, பூ. பத்தரை மணிக்கு முதல் வாய் இட்லி.

உசிலம்பட்டி: பதினொன்று ஆகும் சார்.

பதினொன்று! இதில் தண்ணீரை மட்டும் பிடித்துச் சிறையில் போடுவானேன்? வரும் நான்கு வெள்ளிக்கிழமை, குளிக்கிற அன்றே காலை ஏழு மணிக்கு ஒரு டம்ளர் பாலும் இரண்டு பழமும் சாப்பிடச் சொல்லுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது. வலி போனால் பசிதான் கிளப்பிவிட்டது. போகாவிட்டால் தலைக்குக் குளிப்பதை வேறு நாளுக்கு மாற்றிப் பாருங்கள். ஒவ்வொன்றாகக் கழற்றினால்தான் எது என்று தெரியும்.

அவனியாபுரம்: அப்பத்தாவும் குளித்தவுடன் சூடாகக் கஞ்சி குடிப்பார், இப்போது ஞாபகம் வருகிறது.

அதைச் சொல்ல இவ்வளவு நேரமா ஐயா!

சிவகங்கை: எனக்கும் சைனஸ் தலைவலி...

மேலூருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கே.கே. நகர்: மகனுக்குச் சாயங்காலம் தலைவலி. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. தலைவலி என்றதும் கண்ணைக் காட்டப் போவது நமக்குப் பழகிவிட்டது. காட்டுங்கள், நல்லதுதான். ஆனால் மதியச் சாப்பாட்டு டப்பா பாதியோடு வருகிறதா, டியூஷன் முடியும்வரை தண்ணீர் குடித்தானா என்றும் பாருங்கள். பெரியவர்களுக்கு ஒன்று: திடீரென்று கண் சிவந்து, தலை வலித்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து வாந்தியும் வந்தால் அது கண் அழுத்தமாக இருக்கலாம். ராத்திரியே ஓடுங்கள்.

பைபாஸ் ரோடு: தலைவலி என்றால் பிரஷர் கூடிவிட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. 180/120 போல எகிறினால் வலிக்கலாம். அதற்குக் கீழே பிரஷர் சத்தம் போடாமல்தான் இருக்கும். தலை வலிக்கவில்லை என்று பிரஷர் மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்காகவும் இதைச் சொல்கிறேன்.

வாடிப்பட்டி: என்ன மாத்திரை போடலாம்?

முதல் பத்தி.

சோழவந்தான்: அப்பாவுக்கு 72 வயது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று வாரம் முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்தார், காயம் இல்லை. இப்போது மந்தமாகத் தலைவலி, எந்நேரமும் தூங்குகிறார்.

இதைப் படித்து முடிக்க வேண்டாம். இப்போதே வண்டி பிடித்து ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். மூளைக்கு மேல் மெதுவாக ரத்தம் கசிந்து, வாரங்கள் கழித்துத்தான் தெரியும். போனதும் ஒரு வரி எழுதுங்கள்.

கருமாத்தூர்: தங்கச்சிக்குக் குழந்தை பிறந்து எட்டு நாள். தலைவலி விடவில்லை. பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்கிறார் அம்மா.

அம்மாவிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பிரசவத்துக்குப் பிறகு பிரஷர் ஏறலாம், மூளையின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைக்கலாம். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கிற வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

இவர்கள் இரண்டு பேர் போல இன்னும் சிலரும் உடனே போக வேண்டும். நொடியில் இடி விழுந்த மாதிரி உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் இழுப்பு, வாய் குழறல், வலிப்பு, 50 வயதுக்கு மேல் முதல்முறையாக வரும் தலைவலி.

சோழவந்தான்: கிளம்பிட்டோம் சார்.

நல்லது.

செல்லூர்: எண்ணிட்டேன் சார். போன மாசம் 26 செட்டு.

வேண்டிய பதில் அதில் இருக்கிறது தம்பி. நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். நாளைக்கே ஒரு டாக்டரிடம் 26 என்று அப்படியே சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நிறுத்தத் தொடங்கியதும் வலி முதலில் கூடும், ஒரு வாரம் பத்து நாள் மோசமாக இருக்கும். அந்த நாட்களுக்கு மாற்று மருந்து அவர் தருவார். தறிக்குப் போகும் முன் கடைக்குப் போகிற வழியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.