யானை கேமராவும் எந்திரங்களும்: கேள்வி பதில்

பல ஊர்க்காரர்களின் கேள்விகளுக்கு, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை எச்சரிக்கைக் கருவிகள் பொருத்துபவர் பதிலளிக்கிறார்.

அஞ்செட்டி விவசாயி: ராகி கதிர் பிடித்ததும் யானைகள் இறங்கிவிடுகின்றன. எங்கள் ஊரில் செல்போன் சிக்னல் கிடையாது. செயற்கை நுண்ணறிவு கேமரா வேலை செய்யுமா, அண்ணா?

செய்யும். உடல் வெப்பத்தைப் பார்க்கும் தெர்மல் கேமராவாக இருந்தால் கும்மிருட்டிலும் யானை வெள்ளை உருவமாகத் தெரியும். ஆனால் படத்தை வெளியே அனுப்பச் சிக்னல் இல்லையே! அதனால், அது யானையா மாடா என்று கேமராவோடு இருக்கும் சிறு கணினியே முடிவுசெய்ய வேண்டும். பிறகு ‘யானை, வடக்கு ஓடை’ என்ற அளவுக்குச் சின்னச் செய்தி மட்டும் போனால் போதும். லோரா என்ற வானொலி முறை அதற்குத்தான். செல்போன் கோபுரம் தேவையில்லை. மலை குறுக்கே நின்றால் மட்டும் மேட்டில் இன்னொரு கருவி வைக்க வேண்டும். வெளியூர்ப் படங்களை வைத்துப் பழக்கிய கருவி நம் ஊர் எருமையைப் பார்த்தும் கத்தும். இரண்டு முறை பொய்யாகக் கத்தினால் மூன்றாம் முறை யாரும் எழுந்து வரமாட்டார்கள். உங்கள் ஓடையில், உங்கள் மாடுகளை வைத்துப் பழக்குங்கள்.

மாரண்டஅள்ளி: யானை தெரிந்ததும் வேலியில் தானாகக் கரண்ட் பாயும்படி செய்ய முடியுமா?

செய்து தர மாட்டேன். 2023 மார்ச்சில் உங்கள் ஊர்ப் பக்கம்தான் மூன்று யானைகள் திருட்டு மின்வேலியில் செத்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. அந்தக் கம்பி அடுத்த நாள் உங்கள் பிள்ளையையும் பிடிக்கும்.

அவரே மீண்டும்: ஐயா, வருடமெல்லாம் பாடுபட்ட ராகி ஒரே இரவில் போகிறது. நஷ்டம் உங்களுக்கா?

உங்கள் வயிற்றெரிச்சல் நியாயமானது. இழப்பீடு தாமதமாவதும் உண்மை. அதற்காக வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விடுவது கொலை. சூரிய மின்வேலி வேறு: நொடிக்கு ஒரு முறை, மிகச் சிறு துடிப்பாக அதிர்ச்சி தரும், உயிரை எடுக்காது. வனத்துறையைக் கேட்டுப் போடுங்கள்.

தளி: குறைந்த கரண்ட் என்றால்?

மேலே சொல்லிவிட்டேன். வீட்டு மின்சாரம் கூடாது, எந்த அளவிலும்.

சூளகிரி: ஒலிபெருக்கியில் புலிச் சத்தம் போட்டால் யானை ஓடுமா?

முதலில் ஓடும். ஆபத்தில்லை என்று கண்டுகொண்டால் நின்று ராகி தின்னும்.

பென்னாகரம் ஆசிரியை: போர்வெல் தண்ணீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு இருக்கிறதா என்று கைப்பேசிப் படத்திலேயே கண்டுபிடிக்கலாமா?

முடியாது, டீச்சர். அதற்கு நிறமுமில்லை, சுவையுமில்லை. வேதிப்பொருள் சேர்த்துச் சோதிக்க வேண்டும். நிறம் மாறிய பிறகு அதைப் படத்திலிருந்து அளக்கலாம். குழந்தைகளை வைத்தே இதை நடத்துங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது. காய்ச்சினால் போய்விடும் என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். போகாது, தண்ணீர் வற்றுவதால் அடர்த்திதான் கூடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிற ஊரில் குடிக்கவும் சமைக்கவும் அதையே எடுங்கள்.

பர்கூர்: மாவிலையைப் படமெடுத்தால் நோய் சொல்லும் செயலியை நம்பலாமா?

துப்புக்கு மட்டும். மருந்து அடிக்கும் முன் தோட்டக்கலை அலுவலரிடம் காட்டுங்கள்.

ஓசூர்: சாக்கடைக் குழிக்குள் இறங்க எந்திரம் உண்டா?

உண்டு. கேரளத்தில் உருவான பாண்டிகூட் எந்திரம் 2018-இலேயே திருவனந்தபுரத்தில் வேலைக்கு இறங்கியது. வீட்டுக் கழிவுத்தொட்டிக்குக் கழிவு உறிஞ்சும் லாரியே போதும். பாதுகாப்புக் கருவிகள் தராமல் மனிதனை உள்ளே இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.