கடன் முடிந்ததாம், ஆர்சி புக்கில் வங்கி பெயர் அப்படியே இருக்கிறது

கேள்வி: திருப்பூரில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். 2019 மாடல் ஸ்விஃப்ட் ஒன்று 5 லட்சத்துக்கு வருகிறது. ஆர்சி புக்கில் வங்கியின் பெயர் இன்னும் இருக்கிறது. கடன் எப்போதோ முடிந்துவிட்டது, என்ஓசி (கடன் பாக்கி இல்லை என்று வங்கி தரும் சான்று) ஒரு வாரத்தில் வந்துவிடும் என்கிறார் ஓனர். 1 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். என்ஓசியைக் கண்ணால் பார்த்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

கடைசி இஎம்ஐ கட்டியதோடு ஆர்சி புக்கை மறந்துவிடுபவர்கள் நிறைய பேர். உங்கள் ஓனரும் அப்படி ஒருவராக இருக்கலாம். ஆனால் வங்கி தரும் என்ஓசியையும் படிவம் 35-ஐயும் ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுத்து ஹெச்பியை, அதாவது வண்டி கடனில் இருக்கிறது என்ற பதிவை, ரத்து செய்யாதவரை, வண்டி வில்லங்கமில்லாமல் உங்கள் பெயருக்கு மாறாது. அந்த வேலையை அவரே முடித்துத் தரட்டும். ஒருவேளை கடன் பாக்கி இருந்தால், வங்கியிடம் முன்கூட்டியே அடைப்பதற்கான கணக்கை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். அந்தத் தொகையை ஓனர் கையில் கொடுக்காமல் நேராகக் கடன் கணக்கில் கட்டுங்கள், மீதிதான் அவருக்கு.

அடுத்து, இன்சூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எல்லோரும் முடிவு தேதியை மட்டும் பார்ப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது என்சிபி, அதாவது கிளெய்ம் எடுக்காதவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி. முதல் வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி 25, 35, 45 என ஏறி 50-இல் நிற்கும். கிளெய்மே இல்லாத 2019 வண்டி இந்நேரம் 50-இல் இருக்க வேண்டும். பாலிசியில் பூஜ்யமோ 20-ஓ இருந்தால், சமீபத்தில் கிளெய்ம் எடுத்திருக்கலாம் அல்லது இடையில் பாலிசியை விட்டிருக்கலாம். எதற்காக என்று கேளுங்கள். 50 இருப்பதாலேயே வண்டி அடிபடவில்லை என்றும் ஆகிவிடாது; பழைய காரின் என்சிபியை இதற்கு மாற்றியிருக்கலாம், கைக்காசு போட்டும் சரிசெய்திருக்கலாம். அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டுமான தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால் அதில் என்சிபி இருக்காது, இந்த வழி உதவாது. அப்புறம், அந்தத் தள்ளுபடி ஓனருக்குச் சொந்தம், காரோடு உங்களுக்கு வராது. அடுத்த பிரீமியம் கூடும் என்பதையும் வைத்து விலை பேசுங்கள்.

கிலோமீட்டரை நம்ப வேண்டாம், மீட்டரைக் குறைப்பது சுலபம். ஓனரை அழைத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய், ஒவ்வொரு சர்வீஸிலும் பதிவான கிலோமீட்டரைப் பாருங்கள். சென்னை வண்டி என்றால் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தின்போது எங்கே நின்றது என்று கேளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்றுக் கறை சில சமயம் காட்டிக்கொடுத்துவிடும். போலீஸ் அபராதம் பாக்கி இருக்கிறதா என்று பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் தெரிந்துவிடும்.

என்ஓசி வந்த பிறகும் 1 லட்சம் அட்வான்ஸ் அதிகம். 10,000 போதும், அதையும் வங்கி வழியாகக் கொடுங்கள். மீதிப் பணம், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கும் அன்றைக்கு.