காசு கொடுத்து வாங்கும் பறப்பு நேரம் வேண்டாம்

சிங்கப்பூரின் யீஷூனிலிருந்து எழுதியுள்ள ஐயா, உங்கள் மகன் தேசிய சேவையை முடித்துவிட்டு அமெரிக்கா சென்று, வர்த்தக விமானி உரிமப் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறார். பறந்த நேரத்தைப் பதியும் அவருடைய லாக் புக்கில் ஏறத்தாழ 250 மணி நேரம் சேர்ந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எந்த விமான நிறுவனத்தில் சேர்வது என்று நீங்கள் கலங்கியிருக்கும் வேளையில், உங்கள் தம்பி ஏ320 பயணிகள் விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதியான டைப் ரேட்டிங்கையும் 500 மணி நேரத் துணை விமானி இருக்கையையும் சேர்த்து விற்கும் திட்டம் ஒன்றுக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார்.

கட்டாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு இருக்கை தருபவர்கள், 500 மணி நேரம் முடிந்ததும் அதே இருக்கையை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு விற்பார்கள். உங்கள் மகனை வேலையில் வைத்துக்கொள்ளும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை. வெளிநாட்டு விமானப் பயிற்சிக்கு மசேநிதி (மத்திய சேமநிதி) பணத்தை எடுக்க இயலாது என்பதால், இருக்கும் வீட்டை விற்றுச் சிறிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு மாறலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. உங்கள் ஓய்வுக்காலத்தைப் பணயம் வைத்து வாங்கும் பறப்பு நேரம் எதுவும் எனக்கு உடன்பாடில்லை.

நம் குடும்பங்கள் பெரும்பாலும் கவனிக்காத வழி, பறப்புப் பயிற்றுநர் வேலை. "பைலட்டுக்குப் படித்துவிட்டு வாத்தியார் வேலையா?" என்று உறவினர்கள் கேட்கிறார்களாம். அமெரிக்காவில் 2013 முதல் பயணிகள் விமானத் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் தேவைப்படுவதால், அங்கே பலரும் அந்த வாத்தியார் வேலை பார்த்துத்தான் விமான நிறுவனங்களுக்குள் நுழைகிறார்கள். பயிற்றுநர் வலப்பக்க இருக்கையில் அமர்ந்து கற்பிக்கும் நேரம் முழுவதும் அவருக்குத் தலைமை விமானிக் கணக்கில் சேர்கிறது. மாணவர் தரையை நெருங்கும்போது விமானத்தின் மூக்கைச் சற்று முன்னதாகவே தூக்கிவிடுவார். விமானம் மேலெழும்பி வேகம் இழக்கும். பயிற்றுநரின் கை கட்டுப்பாட்டுக் கருவியைத் தொடாமல் அதன் அருகிலேயே காத்திருக்கும். மாணவரே திருத்திக்கொள்ள இடம் கொடுப்பதா, கட்டுப்பாட்டை உடனே தானே வாங்கிக்கொள்வதா என்று அந்த ஓரிரு நொடிகளில் அவர் முடிவெடுக்க வேண்டும். நாளை கேப்டனாக அமர்பவருக்கு இதைவிட நல்ல பழக்கம் வேறு எங்கே கிடைக்கும்?

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பறை விளக்கத்துக்குச் செலவாகும் நேரம் லாக் புக்கில் ஏறாது; வானிலை கெட்டால் பறப்பும் இல்லை, பல பள்ளிகளில் சம்பளமும் இல்லை. 24 மணி நேரத்துக்குள் 8 மணி நேரத்துக்கு மேல் பறப்புப் பயிற்சி அளிக்க அமெரிக்க விதி இடம் தராது. கேப்டனாவதற்குத் தேவையான உயர்நிலை உரிமத்துக்கு அனைத்துலக விதியும் 1,500 மணி நேரம் கேட்கிறது; அதற்குள் இரவுப் பறப்பு 100, நெடுந்தொலைவுப் பறப்பு 200, கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பது 75 என்று தனிக் கணக்குகளும் இருப்பதால், பகலில் ஓடுபாதையையே சுற்றிக்கொண்டிருந்தால் போதாது. பறக்காமலேயே லாக் புக்கில் பேனாவால் ஏற்றும் மணிகளைப் பற்றி விமானிகளிடையே பழைய கேலி ஒன்று உண்டு. அந்தப் பக்கம் போனவர்களின் உரிமமே பறிபோகும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக விசா இருக்கிறது. மகனிடம் எஃப்-1 என்ற மாணவர் விசா இருந்தால், படிப்புக்குப் பின் 12 மாதம் வரை வேலை செய்யும் ஓபிடி அனுமதிக்கு அவர் விண்ணப்பிக்கலாம். படிப்பு முடியும் நாளுக்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்த 60 நாளுக்குள் அதைச் செய்ய வேண்டும். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான எம்-1 விசாவாக இருந்தால் நான்கு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் அதிகபட்சம் ஆறு மாதமே கிடைக்கும். அப்போது 1,500 என்ற எண்ணை மறந்துவிட்டு, கிடைக்கும் மணிகளோடு ஊர் திரும்பி, சிங்கப்பூர் உரிமத்துக்கு மாற்றும் தேர்வுகளில் இறங்குவதே சரி.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வானிலை அறிக்கையைப் படிக்கச் சொல்லித்தருவதில் மகனுக்கு ஆர்வம் அதிகம் என்று உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், குறையைச் சொல்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமான தகவல். கற்பிக்கப் பொறுமை இல்லாத பிள்ளையாக இருந்தால் இந்த வழியை நானே தடுத்திருப்பேன். பயிற்றுநர் பயிற்சிக்கு மட்டும் பணம் ஒதுக்குங்கள். அந்தத் தொகையை உங்கள் தம்பி அல்ல, மகன் விசாரித்துச் சொல்லட்டும். விசா எந்த வகை என்பதையும் படிப்பு முடியும் தேதியையும் இந்த வாரமே பள்ளி அலுவலகத்தில் அவர் எழுத்தில் கேட்டு வாங்கட்டும்.